மின்னஞ்சலில் அனுப்புநர் விலாசம்: ஏன் இந்தக் கட்டுப்பாடு?



நம் சங்கத்தின் வலைத்தளத்தில் 'தொடர்புக்கு' என்று ஒரு படிவம் இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். பெயர், மின்னஞ்சல் விலாசம், செய்தி ஆகிய மூன்றையும் நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் அது செயலாளருக்கு மின்னஞ்சலாக வந்து சேர வேண்டும். அந்தப் படிவத்தை அமைத்தவன் நான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் கழித்து ஓய்வு பெற்றவனுக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பேரனிடம் பாதி, புத்தகத்தில் பாதி என்று கற்றுக்கொண்டு செய்தேன். அதில் நான் செய்த ஒரு தவறையும், அதன் மூலம் நான் தெரிந்துகொண்டதையும் சொல்லவே இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு முன், நாக்பூர் வழியாக டில்லி போகும் ரயிலில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பயணம் செய்தார்கள். வழியில் பெரியவருக்கு நெஞ்சுவலி. இங்கே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. மகன் வெளிநாட்டில். அவர் இரவோடு இரவாக இணையத்தில் தேடி, நம் சங்கத்தின் வலைத்தளத்தைக் கண்டுபிடித்து, விவரம் எல்லாம் எழுதி, "யாராவது போய் அம்மாவைப் பார்க்க முடியுமா?" என்று படிவத்தில் கேட்டிருக்கிறார். திரையில், "நன்றி. தங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று பதிலும் வந்திருக்கிறது. ஆனால் செயலாளருக்கு ஒன்றுமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே ஆஸ்பத்திரிக்குத் தம் உறவினரைப் பார்க்கப் போன நம் உறுப்பினர் ஒருவர், தாழ்வாரத்தில் ஒரு அம்மாள் நர்ஸிடம் தமிழில் கெஞ்சிக்கொண்டிருப்பதைக் கேட்டார். அதற்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. சாப்பாடு போயிற்று, பேசுவதற்கு ஆள் போயிற்று, பெரியவரும் பிழைத்து ஊர் திரும்பினார். மகனிடம் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார். செய்தி கிடைத்தது என்று போட்டிருந்ததே, அதை நம்பி வேறு யாரையும் கேட்காமல் இருந்துவிட்டேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவே உட்கார்ந்து சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தச் செய்திக்கு நேராக ஒரு வரி இருந்தது. "அனுப்புநர் விலாசம் மறுக்கப்பட்டது, அது இந்தப் பயனாளருக்கு உரியதல்ல" என்பது அதன் பொருள். முன்னால் 553 என்ற எண். நம் வாடகை சர்வரே அந்த அஞ்சலை வாசலில் நிறுத்திவிட்டது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் மின்னஞ்சல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

உறை மேல் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

தபாலில் ஒரு கடிதம் எழுதும்போது இரண்டு இடத்தில் நம் பெயரை எழுதுகிறோம். உறையின் மேல் 'அனுப்புநர்' என்று ஒன்று. உள்ளே கடிதத்தின் தலைப்பில் ஒன்று. தபால்காரர் உறையை மட்டும் பார்ப்பார். கடிதத்தைப் படிப்பவர் உள்ளே இருப்பதைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மின்னஞ்சலும் அப்படித்தான். ஒரு சர்வர் இன்னொரு சர்வரை அழைத்து, முதலில் தன் பெயரைச் சொல்லும். பிறகு "இன்னாரிடமிருந்து" என்று ஒரு விலாசம், "இன்னாருக்கு" என்று ஒரு விலாசம். இது உறை. எதிர்ப்புறம் ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்லும். 2-இல் தொடங்கினால் சரி. 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5-இல் தொடங்கினால் முடியவே முடியாது. உறை ஏற்கப்பட்ட பிறகுதான் கடிதம் போகும். நாம் திரையில் காணும் 'ஃப்ரம்' என்ற வரி அந்தக் கடிதத்துக்குள் இருப்பது.

எஸ்.எம்.டி.பி. எனப்படும் இந்த முறையை ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் 1982 ஆகஸ்ட் மாதத்தில் எழுதி வெளியிட்டார். அப்போது வலையில் இருந்தவை பெரும்பாலும் சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும்தான். ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். அதனால் உறையில் எழுதிய பெயர் உண்மையா என்று சோதிக்க அதில் வழியே வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். இணையம் ஊருக்குப் பொதுவானபோது இந்த ஓட்டை பெரிய கதவாகிவிட்டது. விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் அதன் வழியாகப் புகுந்தார்கள். பெயரையும் பாஸ்வேர்டையும் சொன்ன பிறகே அஞ்சலை வாங்கும் ஏற்பாட்டை 1999-இல்தான் இந்த முறையோடு சேர்த்தார்கள்.

பொய்ப் பெயர் போடுவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. சேராத அஞ்சலைப் பற்றிய அறிவிப்பு, உறையில் எழுதிய விலாசத்துக்குத்தான் திரும்பிப் போகும். யாரோ ஒருவர் உங்கள் பெயரில் பத்தாயிரம் பேருக்கு அனுப்பினால், சேராதவற்றின் அறிவிப்பெல்லாம் ஒரு பாவமும் அறியாத உங்கள் பெட்டியில் வந்து குவியும்.

ஒரே கேட், பல குடித்தனம்

இப்போது வாடகை சர்வருக்கு வருவோம். நம்மைப் போன்ற சங்கங்களும் சிறு கடைகளும் தனியாகக் கம்ப்யூட்டர் வைத்து நடத்துவதில்லை. ஒரு நிறுவனத்தின் சர்வரில் வருஷ வாடகைக்கு இடம் பிடிக்கிறோம். இதற்கு 'ஷேர்டு ஹோஸ்டிங்' என்று பெயர். அதே கம்ப்யூட்டரில் நம்மோடு நூற்றுக்கணக்கான வலைத்தளங்கள் குடியிருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே கேட் இருப்பது போல, அத்தனை குடித்தனங்களின் அஞ்சலும் பெரும்பாலும் ஒரே ஐ.பி. எண் வழியாக வெளியே போகும்.

இதில் ஒரு வீட்டுக்காரர் குப்பை அஞ்சல் அனுப்பினால், அல்லது அவருடைய பாஸ்வேர்டைத் திருடி வேறு யாரோ அனுப்பினால், உலகம் அந்த வீட்டைப் பார்க்காது, கேட்டைத்தான் பார்க்கும். 1998-இல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட ஐ.பி. எண்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கின்றன. பட்டியலில் ஏறிவிட்டால் நம் பொங்கல் விழா அழைப்பும் போகாது, பக்கத்து வீட்டு டாக்டரின் ரசீதும் போகாது. ஆகவே சர்வர் நடத்துபவர்கள் சில விதிகளை வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் இத்தனை அஞ்சலுக்கு மேல் கூடாது என்பது ஒன்று. பெயரும் பாஸ்வேர்டும் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்பது இரண்டு. உன் கணக்குக்கு உரிய விலாசத்தை மட்டுமே அனுப்புநராகப் போடலாம் என்பது மூன்று.

இந்த மூன்றாவது விதிதான் என் படிவத்தை நிறுத்தியது. சர்வரில் ஓடும் அஞ்சல் மென்பொருளில் இதற்கு ஒரு அட்டவணை உண்டு. இன்ன பெயரில் உள்ளே வந்தவர் இன்னின்ன விலாசங்களைப் போடலாம் என்று அதில் எழுதியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் இரண்டிலும் இப்படிச் செய்யலாம். சிலர் உறையை மட்டும் சோதிப்பார்கள். சிலர் உள்ளே இருக்கும் ஃப்ரம் வரியையும் சேர்த்துச் சோதிப்பார்கள்.

நான் செய்தது என்ன தெரியுமா? படிவத்தை நிரப்புகிறவரின் விலாசத்தையே அனுப்புநராகப் போட்டிருந்தேன். செயலாளர் 'பதில்' பொத்தானை அழுத்தினால் அவருக்கே நேராகப் போகுமே என்ற சௌகரியம். சோதித்தும் பார்த்தேன். ஆனால் சோதித்தபோது படிவத்தில் எழுதியது சங்கத்தின் விலாசம்! அது அட்டவணையில் இருக்கிறது. அதனால் தடையின்றிப் போயிற்று. அந்த மகன் எழுதியது தம் ஜிமெயில் விலாசம். ஜிமெயில் விலாசத்தை நம் சங்கம் எப்படி உரிமை கொண்டாட முடியும்? சர்வர் மறுத்துவிட்டது. மறுத்தது சரிதான்.

இந்தக் கட்டுப்பாடு யாருக்குப் பாதுகாப்பு?

முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. நாம் பணம் கொடுத்து வைத்திருக்கும் சர்வர் நம் கடிதத்தையே தடுப்பதா என்று. பிறகு யோசித்தபோது, அந்த விதி நம் பெயரைத்தான் காக்கிறது என்று புரிந்தது. அதற்குக் கொஞ்சம் எதிர்ப்புறத்தையும் பார்க்க வேண்டும்.

அஞ்சலைப் பெறும் சர்வர்கள் இப்போது மூன்று சோதனைகள் செய்கின்றன. முதலாவது எஸ்.பி.எஃப். "எங்கள் டொமைன் பெயரில் வரும் அஞ்சல் இந்த ஐ.பி. எண்களிலிருந்துதான் வரும்" என்று டொமைனின் சொந்தக்காரர் ஒரு பொது அறிவிப்பு எழுதி வைப்பது. இதன் விதிமுறை 2006-இல் வெளியாகி, 2014-இல் திருத்தப்பட்டது. இது உறையின் மேலுள்ள விலாசத்தைச் சோதிக்கும். இரண்டாவது டிகிம். அஞ்சலின் மேல் டொமைனின் முத்திரையைக் கணித முறையில் குத்தி அனுப்புவது. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை பொருந்தாது. இதன் விதிமுறை 2007-இல் வந்தது. மூன்றாவது டிமார்க், 2015-இல் விதிமுறையாக வெளியானது. நம் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் விலாசத்தின் டொமைன், முன் சொன்ன இரண்டு சோதனைகளில் தேறிய ஏதாவது ஒரு டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது, விட்டுவிடுவதா, ஸ்பாம் பெட்டியில் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்பதையும் டொமைனின் சொந்தக்காரரே அறிவித்து வைக்கலாம்.

இப்போது கவனியுங்கள். நம் சங்கத்தின் எஸ்.பி.எஃப். அறிவிப்பில் எழுதியிருப்பது வாடகை சர்வரின் ஐ.பி. எண். அதே எண்தான் பக்கத்துக் குடித்தனக்காரருக்கும். அவர் நம் சங்கச் செயலாளரின் விலாசத்தைப் போட்டு, "கட்டட நிதிக்குப் பணம் அனுப்புங்கள், கணக்கு எண் இது" என்று உங்களுக்கு எழுதினால், வெளியே இருப்பவருக்கு எஸ்.பி.எஃப். சோதனையில் அது தேறிவிடும். சரியான கேட் வழியாகத்தானே வந்திருக்கிறது! வெளியிலிருந்து பார்ப்பவரால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் கேட்டில் நிற்கும் காவலாளி ஒருவர்தான். "நீ நாலாம் நம்பர் வீடு, ஏழாம் நம்பர் வீட்டுப் பெயரில் கடிதம் போடாதே" என்று அவர் தடுத்தால்தான் உண்டு. என் படிவத்தைத் தடுத்த விதி அந்தக் காவலாளி. என்னைத் தடுத்த அதே கை நம் பெயரில் பிறர் எழுதுவதையும் தடுக்கிறது.

காவலாளி இல்லாமல் இருந்தால் என் படிவம் ஒழுங்காக வேலை செய்திருக்குமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம், தன் விலாசத்தைப் போட்டு வேறு சர்வர்களிலிருந்து வரும் அஞ்சலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று டிமார்க் மூலம் அறிவித்தது. அன்றிலிருந்து என்னுடையதைப் போன்ற படிவங்களில் யாஹூ விலாசத்தைப் போட்டவர்களின் செய்திகள் பல இடங்களில் காணாமல் போயின. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் பயனாளர்களுக்கு அஞ்சல் அனுப்பும் எல்லோரும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்றும், ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் டிமார்க் சேர்த்து மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஜிமெயில் விலாசத்தை மற்றவர்கள் அனுப்புநராகப் போடக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

என்ன செய்ய வேண்டும்?

நம் உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் கடை, டியூஷன் வகுப்பு, கேட்டரிங் என்று சொந்த வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படும் என்பதால் நான் செய்த திருத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஃப்ரம் வரியிலும் உறையிலும் எப்போதும் நம் டொமைனைச் சேர்ந்த விலாசத்தையே போட வேண்டும். அந்த விலாசம் சர்வரில் உண்மையில் இருக்க வேண்டும்.

2. படிவத்தை நிரப்பியவரின் விலாசத்தை 'ரிப்ளை-டு' என்ற வரியில் போட வேண்டும். பதில் பொத்தானை அழுத்தினால் அஞ்சல் அவருக்கே போகும். நான் தேடிய சௌகரியம் இதிலேயே இருக்கிறது. நேர்வழி இருக்கும்போது குறுக்குவழியில் போயிருக்கிறேன்.

3. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பல விலாசங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்ட் வைத்து, அவரவர் அவரவர் பெயரில் அனுப்பலாம். ஒருவரே பல விலாசங்களில் அனுப்ப வேண்டியிருந்தால், சர்வர் நடத்துபவரிடம் சொல்லி அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4. டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜிமெயிலில் வந்த அஞ்சலைத் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் தேறினவா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

5. சங்க விலாசத்துக்கு வரும் அஞ்சலை அப்படியே சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. திருப்பிவிடும்போது அஞ்சல் நம் கேட் வழியாகப் போவதால், முதலில் அனுப்பியவரின் எஸ்.பி.எஃப். சோதனையில் அது தேறாமல் போகலாம். சங்கப் பெட்டியையே நேராகத் திறந்து படிப்பது நல்லது.

6. திரும்பி வரும் அஞ்சல்களும், சர்வர் நடத்துபவரின் அறிவிப்புகளும் வரும் பெட்டியை வாரம் ஒரு முறையாவது யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். புதிய விதி வரப்போகிறது என்ற அறிவிப்பு நமக்கும் வந்திருந்தது. முன்னாள் செயலாளர் காலத்துப் பெட்டியில், திறக்கப்படாமல்!

7. சோதிக்கும்போது வெளியார் போலச் சோதிக்க வேண்டும். ஜிமெயில், யாஹூ, அலுவலக விலாசம் என்று பலவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்னல்காரன் மறந்த பாடம்

மேலே சொன்னதெல்லாம் விலாசத்தைப் பற்றியது. ஆனால் அந்த இரவில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று.

கை காட்டி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே 'நில்' நிலைக்கு வந்துவிடும்படி எடை வைத்து அமைத்திருப்பார்கள். எந்தப் பழுது வந்தாலும் ரயில் நிற்க வேண்டும். பழுதான சிக்னல் 'போகலாம்' என்று காட்டவே கூடாது. அப்படிக் காட்டிவிட்டால் அதற்கு எங்கள் பாஷையில் 'ராங் சைடு ஃபெய்லியர்' என்று பெயர். சிக்னல் பிரிவில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

என் படிவம் செய்தது அதுதான். சர்வர் 553 என்று மறுத்ததை அது கேட்கவே இல்லை. பொத்தானை அழுத்தியவுடன் "செய்தி கிடைத்தது" என்று பச்சை காட்டிவிட்டது. அஞ்சல் தடுக்கப்பட்டது சிறிய பழுது. தடுக்கப்பட்டதை மறைத்தது பெரிய பழுது. "அனுப்ப முடியவில்லை" என்று காட்டியிருந்தால் அந்த மகன் வேறு வழி தேடியிருப்பார். இப்போது படிவத்தை மாற்றிவிட்டேன். சர்வர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே நன்றி சொல்லும். இல்லாவிட்டால் "செய்தி போகவில்லை; கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்" என்று சொல்லும். செய்தியின் நகல் ஒன்று சர்வரிலேயே தனியாகப் பதிவாகும். வலைத்தளத்தில் இருந்த பழைய தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டோம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இத்தனை சோதனைகளும் விலாசத்தைத்தான் சோதிக்கின்றன, ஆளை அல்ல. யாராவது ஒரு புதிய ஜிமெயில் கணக்குத் தொடங்கி, பெயர் என்ற இடத்தில் நம் தலைவரின் பெயரைப் போட்டு, "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று எழுதினால் அது மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். அது உண்மையான ஜிமெயில் விலாசம்தானே! ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல் விலாசத்தையும் படியுங்கள். பணம் பற்றிய பேச்சென்றால் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரயில்வேயில் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் எவ்வளவுதான் பழகிய குரலானாலும், 'ப்ரைவேட் நம்பர்' சொல்லாமல் வண்டி விஷயத்தில் அவர் வார்த்தையை ஏற்பதில்லை. குரலில் சந்தேகம் என்று யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை.

இந்தப் படிவத்தில் வாசகர்கள் அவரவர் சொந்த விலாசத்தைப் போட்டு ஒரு வரி எழுதிச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தவறாமல் எனக்குச் சொல்லுங்கள். யாரோ ஒரு அம்மாள் மொழி தெரியாத ஊரில் காத்திருக்கும்போது நம் பழுதைக் கண்டுபிடிப்பதைவிட, இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.